ஈரச் சாக்கு

பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறைக்குள் போகுமுன் மாரிச்செல்வி வாசலில் ஒற்றைக் காலில் நின்று மெட்டிகளைக் கழற்றினாள். உலோகம் எதுவும் அந்த வாசல் நிலையைத் தாண்டக் கூடாது. ஒரு உரசல், ஒரு பொறி போதும். கழற்றியதை, பேக்கிங் ஷெட்டில் வேலை பார்க்கும் அக்கா இசைவாணியிடம் நீட்டினாள்.

"வச்சிரு அக்கா. சாயந்திரம் வாங்கிக்கிறேன். தொலைச்சிறாத, உங்க மாப்பிள்ளைக்கு நாந்தான் பதில் சொல்லணும்."

"போடி. இந்தக் கம்பிய எவன் களவாங்கப் போறான்."

மாரிச்செல்வி சிரித்தாள். காலில் பொறி எழாமலிருக்க வாசலில் போட்டிருந்த ஈரச் சாக்கை எல்லோரையும்போல மிதித்துவிட்டு உள்ளே போனாள்.

மதியம் அந்த அறை வெடித்தது. கிடத்தியிருந்த மூன்று உடல்களில் எது தங்கை என்று இசைவாணியால் சொல்ல முடியவில்லை. காலில் மெட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அது இவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

கம்பெனியை மூடினார்கள். அச்சங்குளத்தைச் சுற்றிக் கருவேலங்காடு அழிந்து மனைக்கற்கள் முளைத்தன. மிச்சமிருந்த அறைகளையும் இடிக்கப் போகிறார்கள் என்றதும், சிவகாசி அச்சக வீட்டுப் பெண் ஹர்ஷினி, ஓவியம் படித்தவள், கரிந்த அந்த அறையையே கண்காட்சியாக வைக்க அனுமதி வாங்கினாள். இறந்தவர்களின் பொருள் ஏதாவது கிடைக்குமா என்று வீடு வீடாகக் கேட்டாள். இசைவாணி மெட்டிகளைக் கொடுத்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

திறப்புக்கு முந்தைய நாள் பார்க்க வந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் பழைய சாக்கு ஒன்று விரித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கத்தில் மிதித்தாள்.

ஈரம்.

"சாக்குல யாரு பாப்பா தண்ணி தெளிச்சது?"

"யாரும் தெளிக்கலையேக்கா. இங்கன குடிக்கவே தண்ணியில்ல."

"மெட்டி எங்க?"

"உள்ள நூல்ல தொங்குது. காத்தடிச்சா ஒண்ணோட ஒண்ணு உரசும். அம்புட்டு அழகா சத்தம் வரும்."

"அது உள்ள போகக் கூடாதும்மா."

"மருந்தே இல்லாத ரூம்ல என்னக்கா பயம்?" ஹர்ஷினி ரோட்டில் நின்ற காரிலிருந்து விளக்குகளை எடுத்துவரப் போனாள்.

அவள் காலடியோசை தேய்ந்த பிறகுதான், அறையின் இருட்டுக்குள் மருந்து சலிக்கும் சல்லடை அசையும் சத்தம் சரக், சரக் என்று ஒரே சீராகக் கேட்டது. கூடவே கந்தகமும் வியர்வையும் கலந்த வாடை, சீசன் நாட்களில் தலைமுடியில் ஏறிக்கொண்டு எவ்வளவு சீயக்காய் தேய்த்தாலும் போகாத அந்த வாடை, சாக்கின் ஈரத்தோடு சேர்ந்து மேலே எழுந்தது. குனிந்து பார்த்தாள். சாக்கின் மேல் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி அப்பிய பாதத் தடங்கள். எல்லாம் உள்ளே போகிறவை. வெளியே வந்தது ஒன்றுகூட இல்லை.

காற்று வீசியது. உள்ளே மெட்டிகள் உரசின.

சல்லடை நின்றது.

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தியல்ல.

இன்னொரு முறை உரசினால்?

இசைவாணி உள்ளே பாய்ந்தாள். கால் யார் மடியிலோ இடறியது. தோளில் ஒரு தோள் இடித்தது. பார்க்கவில்லை. நூலை அறுத்தாள். வெளியே வந்து விழுந்தாள்.

கைக்குள் மெட்டிகள் குத்தின. பின்னால் தண்ணீர்ச் சத்தம். வாளியில் கை அலம்பும் சத்தம், வேலை முடிந்த சத்தம். அங்கே வாளி இல்லை.

சாயந்திரமாகியிருந்தது.

திரும்பினாள்.

நிலைக்கு உள்ளிருந்து ஒரு கை நீண்டது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பின்னால் மூன்றாவது. மணிக்கட்டு வரை வெள்ளிப்பொடி. உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி. நீர் சொட்டியபடி.

இசைவாணி மெட்டிகளை நீட்டினாள். பாதியில் அவள் கை நின்றது.

எது மாரிச்செல்வி என்று அவளால் அப்போதும் சொல்ல முடியவில்லை.