கூண்டுக்குள் ஆள் இல்லை

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிருக்க வேண்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறி முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் வழுக்கித் திறந்துகொண்டது. முதன்முறையாக வீட்டை விட்டுத் தனியாக வந்திருந்தவளுக்கு யாராவது ஒருத்தர் 'வா' என்று சொன்னால் தேவலை என்றிருந்தது. கதவாவது சொன்னதே என்று சிரித்துக்கொண்டாள்.

"அது அப்படித்தாம்மா. நாய் வந்தாலும் திறக்கும்" என்றார் வாசலில் இருந்த காவலாளி.

வந்த மரியாதை அதோடு போயிற்று.

கோடை முழுக்க அவளுக்கு இங்கேதான் கணினி ஆராய்ச்சிப் பயிற்சி. கூடத்தை நடத்தும் மேடம் நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுத்தால் மேற்படிப்புக்கு வழி பிறக்கும். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே அனுப்பியிருந்தாள். "பாப்பா, அங்க போய் வாய் பேசாத. சொன்ன வேலையச் செய்" என்று வண்டி கிளம்பும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓதினாள்.

கூடம் என்று பெயர்தான், அது பழைய சரக்குக் கிடங்கு. தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று வெடித்துக்கொண்டிருந்தது. நடுவில் கம்பிவலைக் கூண்டு. கூண்டுக்குள், தரையோடு போல்ட் போட்டு முறுக்கிய ஓர் இரும்புக் கை ஆளுயரத்தைத் தாண்டி நின்றது. கனமான பெட்டிகளைத் தூக்கி இடைவெளி விடாமல் அடுக்கும் ரோபோ.

அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது இடது தோளில் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். இடது பக்கம் திரும்பினாள். யாரும் இல்லை.

"வலது பக்கம் பாக்கணும் தங்கச்சி. இந்த லேப்ல அதுதான் முதல் பாடம்."

வலது பக்கத்தில் தலை நிறையச் சுருட்டை முடியோடு ஒருவன் நின்றிருந்தான். மேடத்திடம் ஆராய்ச்சி செய்யும் மாணவன். எல்லோரும் அவனைச் சுருள் என்றார்கள். அவனும் அவளுக்கு அங்கேயே ஒரு பெயர் வைத்தான். "கோடைக்கு வந்துட்டுப் போறவ. அதனால நீ விருந்தாளி. அவரு யானை" என்று இரும்புக் கையைக் காட்டினான். "தும்பிக்கை மட்டும்தான் வந்திருக்கு. மிச்சம் பார்சல்ல வருது."

மேடம் வந்ததும் அவன் கிண்டலெல்லாம் ஓய்ந்தது. மேடம் உட்காரக்கூட இல்லை, நேராக விஷயத்துக்கு வந்தார்.

யானைக்குக் கண் கூண்டின் மேலே இருந்த கேமராக்கள்தான். உள்ளே ஆள் தெரிந்தால் திரையில் அந்த ஆளைக் குச்சி உருவமாக வரையும். மூட்டுக்கு ஒரு புள்ளி, எலும்புக்கு ஒரு கோடு. உருவம் வந்துவிட்டால் யானை அப்படியே உறைந்து நிற்கும். ஆள் வெளியே போனால்தான் அசையும்.

"இப்ப யாருமே இல்லாதப்பவும் நின்னுடுது. நிழலையோ தூசியையோ ஆளுன்னு நினைக்குது. பெரிய மனுஷங்க பாக்க வர்றாங்க, அதுக்குள்ள சரிபண்ணு. அப்புறம் உனக்கு என்ன எழுதணுமோ நான் எழுதறேன்" என்றார் மேடம்.

அவள் திரையைப் பார்த்தாள். கூண்டு காலி. ஆனால் மூலையில் ஒரு குச்சி உருவம் நின்றது.

அதன் தலை தோளுக்கு மேலே இல்லை. பக்கவாட்டில் தொங்கியது. வலது முழங்கை பின்பக்கமாக மடிந்திருந்தது. மார்புக் கோடுகள் மிதித்த தகர டப்பாவைப்போல உள்ளே போயிருந்தன.

"புரோகிராம் சொதப்புது" என்றாள்.

சுருள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இந்த மாதிரிக் கோளாறுக்கு எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. தராசுத் தட்டைக் காலியாக வைத்து முள்ளைச் சரிசெய்கிறோமே, அதே சங்கதிதான். காலிக் கூண்டைப் படம்பிடித்து, 'இதில் தெரிவது எதுவும் ஆள் இல்லை' என்று யந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தட்டு நிஜமாகவே காலியா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். கண்ணால் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது.

பட்டப்பகலில், கூண்டைப் பூட்டி, எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுப் படம்பிடித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டால் வாயில் ஒரு வாசனை வருமே, அது கூண்டுப் பக்கமிருந்து வந்தது. கூரை வெடிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

திரையில், தொங்கிக்கொண்டிருந்த தலை மெல்ல நிமிர்ந்தது.

கேமராவைப் பார்த்தது.

பிறகு கூண்டுக்கு எதிரே இருந்த கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், அவள் உட்கார்ந்திருந்த மேசையைப் பார்த்தது.

தூசி, நிழல் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மிச்சப் படத்தையும் எடுத்து முடித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் யந்திரம் பாடத்தைப் படித்துவிட்டது. மூலையில் உருவம் இல்லை. திரையில் பச்சை எழுத்தில் 'ஆள் இல்லை' என்று வந்தது. யானை ஒரு தடங்கலும் இல்லாமல் பெட்டி அடுக்கியது. மேடம் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அம்மாவிடம் போனில் பெருமையடித்துக்கொண்டாள். சுருள் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

மறுநாள் பொம்மையை வைத்துச் சோதித்தார்கள். மனித அளவில் ரப்பர் பொம்மை, அதற்கு ஒரு பழைய சட்டை. கூண்டுக்குள் அதை நிறுத்தியதும் திரையில் குச்சி உருவம் வந்தது, யானை நின்றது. எடுத்தார்கள், யானை அசைந்தது. திரும்ப வைத்தார்கள், நின்றது. எல்லாம் சரி. பொம்மையை உள்ளேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

திரும்பி வரும்போதே சத்தம் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்.

யானை வேலை செய்துகொண்டிருந்தது. பொம்மை தரையில் கிடந்தது. கழுத்து பக்கவாட்டில் ஒடிந்து, வலது முழங்கை பின்னால் மடிந்து, மார்பு உள்ளே போயிருந்தது. சட்டை நார் நாராகக் கிழிந்திருந்தது. மேலே பச்சை எழுத்து 'ஆள் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"ரப்பர்தானே. சூட்டுல இளகி விழுந்திருக்கும்" என்று மேடம் போய்விட்டார்.

அவள் பதிவை எடுத்துப் பார்த்தாள். தன் பாடம் கலப்பதற்கு முன்னால் கேமரா வரைந்த குச்சிப் படம் தனியாகச் சேமிப்பில் இருக்கும். அதைத் திறந்தாள். பொம்மை நின்றது. அதன் பின்னால் இன்னொரு உருவம் நின்றது. பின்பக்கம் மடிந்த கை மெதுவாக முன்னால் வந்து பொம்மையின் மார்பைச் சுற்றிக்கொண்டது. தொங்கிய தலை பொம்மையின் தோளில் சாய்ந்தது. இரண்டும் ஒட்டி ஒன்றான அந்தக் கணத்தில், யந்திரத்தின் பதிவில் பொம்மையின் உருவமும் மறைந்து 'ஆள் இல்லை' என்று வந்தது.

அந்த உருவம் கட்டிப்பிடித்தால் யந்திரத்துக்கு ஆள் தெரியாது. அது ஆள் இல்லை என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

சுருளைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப்போனாள். "அண்ணா, யாரு அது?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"மெக்கானிக். போன கோடையில இங்க இருந்தாரு" என்றான் தணிந்த குரலில். "கேமரா அடிக்கடி நிறுத்துது, வேலை ஓடலைன்னு மேடம் கத்தினாங்க. கண்ணை மூடி வைடான்னாங்க. நான்தான் மூடினேன். அவரு உள்ள போல்ட் முறுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியாது. நான் காதுல பாட்டுப் போட்டிருந்தேன்."

"கத்தலையா அவரு?"

"கத்தியிருப்பாரு."

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அவராவே கவனமில்லாம உள்ள போயிட்டாருன்னு மேடம் சொல்லிட்டாங்க. நானும் ஆமான்னு தலையாட்டினேன். அப்புறம் யானை தானா நிக்க ஆரம்பிச்சுது. சத்தியமாச் சொல்றேன் விருந்தாளி, அது நிக்கறப்பல்லாம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அது ஒண்ணாவது அவரை ஆளா மதிக்குதேன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீயும் அழிச்சிட்ட. தெரியாமத்தான். ஆனா இப்ப அவருக்குக் கோவம்."

"எடுத்துடறேன் அண்ணா. என் பாடத்தை எடுத்துட்டுப் பழையதையே போட்டுடறேன். மேடம் எழுதலைன்னாப் பரவாயில்ல. அதுவரைக்கும் நீங்க மட்டும் உள்ள போகாதீங்க."

"நீ கட்டைவிரலைக் காட்டு. அப்புறம்தான் போவேன்."

மேசைக்கு ஓடினாள். பழைய பாடம் பெரியது, ஏற்ற நேரம் பிடிக்கும். எவ்வளவு ஏறியது என்று காட்டும் பட்டை திரையில் ஊர்ந்துகொண்டிருந்தபோதே வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பெரிய மனுஷர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். மேடம் சிரித்துக்கொண்டே அவர்களைக் கூண்டுப் பக்கம் அழைத்துவந்தார். உள்ளே கிழிந்த பொம்மை கிடப்பதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இறுகியது.

"அந்தக் குப்பையை எடுப்பா" என்றார் சுருளிடம், பல்லிடுக்கில்.

சுருள் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். புருவத்தை உயர்த்தினான்.

பட்டை நிறைந்தது. 'முடிந்தது' என்று வந்தது.

அவள் கட்டைவிரலைக் காட்டினாள்.

அவன் கூண்டைத் திறந்து உள்ளே போனான். யானை நின்றது. ஆனால் திரையின் மூலையில் பழைய உருவம் திரும்ப வரவில்லை.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்தத் தொழிலில் கால் வைத்த எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. பாடத்தை மாற்றியிருந்தாள், ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தித் திரும்பத் தொடங்கவில்லை. யானையின் தலைக்குள் இன்னும் அவள் பாடம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பாடம் கலக்காத குச்சிப் படத்தில் சுருள் குனிந்து பொம்மையை எடுத்தான். அவன் பின்னால் மூலையிலிருந்து ஒன்று வந்தது.

கை சுற்றிக்கொண்டது.

'ஆள் இல்லை.'

அவள் கத்தினாள். விரல்கள் தப்புத் தப்பாகத் தட்டின. புரோகிராமை நிறுத்தும் கட்டளை மூன்று எழுத்துத்தான், அது வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யானை திரும்பியது.

முதல் வீச்சு அவன் முழங்கையில் விழுந்தது. கை எந்தப் பக்கம் மடியக்கூடாதோ அந்தப் பக்கம் மடிந்தது. அவன் அலறல் தகரக் கூரை முழுக்க ஓடியது. தப்பித்து ஓடப் பார்த்தான், ஓட முடியவில்லை. எதுவோ பிடித்து நிறுத்தியிருந்தது. அடுத்த வீச்சு அவனைக் கம்பிவலையில் அறைந்தது. வலை வெளியே புடைத்தது. வந்தவர்களின் வெள்ளைச் சட்டைகளில் இரத்தம் தெறித்தது. மேடம் யானையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். யானை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கே ஆள் இல்லை அல்லவா? அது தன் வேலையைத்தான் செய்தது. அவனைத் தூக்கியது. பெட்டி அடுக்கில் காலியாக இருந்த இடத்துக்குக் கொண்டுபோனது. இடம் சின்னது. அழுத்தியது. அடங்கவில்லை. மறுபடி அழுத்தியது. எலும்பு நொறுங்குகிற சத்தத்தை அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தும் கேட்டாள். அலறல் அதற்கு முன்பே நின்றிருந்தது.

காவலாளி ஓடிப்போய் மொத்த மின்சாரத்தையும் பிடுங்கிய பிறகுதான் அது ஓய்ந்தது.

மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆள் இல்லைன்னுதானே காட்டுச்சு" என்று முணுமுணுத்தார். அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோதும், போலீஸ் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

போலீஸார் பதிவுகளைக் கேட்டார்கள். கணினியை அவள்தான் திரும்ப இயக்கிக் கொடுத்தாள். இந்தமுறை பழைய பாடம் ஒழுங்காக ஏறியது. கூண்டைக் கழுவி முடித்திருந்தார்கள், யாரும் உள்ளே இல்லை. திரையில் மூலை மட்டும் காலியாக இல்லை. இரண்டு உருவங்கள் தோளோடு தோளாக நின்றன. இரண்டுக்கும் வலது முழங்கை ஒரே மாதிரி மடிந்திருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை திரும்பி நடந்தன. கூண்டு வாசலைத் தாண்டி, படத்தை விட்டு வெளியே போயின.

ராத்திரி பூராவும் ஓடிய வண்டி விடிந்த பிறகு அவளை ஊர் பேருந்து நிலையத்தில் இறக்கியது. தூங்கவில்லை. மேடம் எதுவும் எழுதித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

அம்மா வெளியே, நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தாள். முன்னால் போனவர்களுக்கெல்லாம் கதவு திறந்தது. ஒரு கிழவருக்கு, ஒரு கைக்குழந்தைக்காரிக்கு. கதவு மூடியது. அவள் பெட்டியோடு அதன் முன்னால் போய் நின்றாள்.

கதவு திறக்கவில்லை.

ஓரடி பின்னால் போய்த் திரும்ப முன்னால் வந்தாள். மேலே இருந்த சின்னக் கண்ணைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

திறக்கவில்லை.

இதுவும் நாய் வந்தாலும் திறக்கும் கதவுதான்.

கண்ணாடிக்கு அப்பால் அம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "என்ன பாப்பா, வா" என்று உதடு அசைந்தது. கண்ணாடியில் தெரிந்த பிம்பத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஆனால் மார்பைச் சுற்றி ஏதோ இறுகியது. நாக்கைக் கடித்துக்கொண்டால் வரும் வாசனை வந்தது.

அவளுடைய இடது தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

இந்தமுறை அவள் வலது பக்கம் திரும்பினாள்.