எட்டரை மாத்திரை மிச்சம்

காலை எட்டு மணி. காபி இறங்கி முடியவில்லை. பயிற்சி மருந்தாளர் கேலின் டூஃபோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். கையில் ஒரு கடிதம். அழுது முடித்த முகம்.

“என்னைய வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. ரெண்டு மணிக்குக் கூட்டம்.”

நர்ஸ் லோர்னா பெட்ரிச் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். பயிற்சி இயக்குநர் பிரான்ட்வோல்ட் கையெழுத்துப் போட்டிருந்தார். நோயாளி வெண்டல் ஸ்க்ராபாவின் ரத்த உறைவு எண் இறங்கியதால், அவருக்கு ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைக் கேலின் இரண்டே வாரத்தில் இரண்டு முறை ஏற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவருக்கு மூக்கிலிருந்து இரண்டு மணி நேரம் ரத்தம் கொட்டியது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்க வேண்டிய உறைவு எண் ஆறைத் தாண்டிப்போனது. ‘எண் ஏன் இறங்கியது என்று காரணம் தேடாமல் அளவை ஏற்றியது, பயிற்சியைத் தொடரும் தகுதியின்மையைக் காட்டுகிறது.’

லோர்னாவுக்கு உச்சந்தலை சூடானது. கேலின் மருந்தியல் பட்டம் முடித்து, ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் பயிற்சி எடுத்து, இப்போது வெளிநோயாளர் பிரிவில் இரண்டாம் வருடம். எட்டு வருடப் படிப்பு. ஒரு மூக்கில் ஒழுகிப் போவதா?

“அந்த ரெண்டு தடவையும் இந்த இயக்குநர் மனுஷன் மூலையில நாற்காலி போட்டு உக்காந்து மார்க் போட்டாரே! அப்ப வாயில கொழுக்கட்டையா?”

ஜன்னலோரம் ஆர்வோ கெஸ்கிடாலோ காபியை ஊற்றிக்கொண்டிருந்தார். பிரிவின் மூத்த மருந்தாளர். முழங்கால் ஆபரேஷனுக்காக ஒரு மாதம் லீவில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பியிருந்தார். ஊரே எரிந்தாலும் முதலில் சர்க்கரையைத்தான் கலக்குவார். அதுதான் லோர்னாவுக்கு ஆத்திரம்.

“கேலின், அவர்கிட்ட கேக்க வேண்டியத கேட்டியாம்மா?”

“எல்லாத்தையும் கேட்டேன். மாத்திரை விட்டுப்போச்சா, சாப்பாடு மாறுச்சா, புது மருந்து, குடி. எல்லாத்துக்கும் இல்லைன்னாரு. என் வாயிலேருந்து கேள்வி வர்றதுக்குள்ள பதில் வந்துச்சு.”

“ஓ,” என்றார் ஆர்வோ. “லோர்னா, வெண்டலுக்குப் போன் போடு. மாத்திரைப் புட்டியோட வரச் சொல்லு. கூடவே அவர் வந்துபோன குறிப்பு எல்லாத்தையும் அச்செடு. ஜூலையிலேருந்து.”

“எதுக்குன்னு சொல்லித் தொலையேன்யா.”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?”

பதினோரு மணிக்கு வெண்டல் வந்தார். முப்பத்தோரு வருடம் இரும்புச் சுரங்கத்தில் பெரிய லாரி ஓட்டியவர். ஒரு மூக்குத் துவாரத்தில் இன்னும் பஞ்சு. ஆர்வோ அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, காத்திருக்கும் கூடத்தில் உட்காரச் சொல்லி அனுப்பினார்.

லோர்னாதான் துள்ளிக்கொண்டிருந்தாள். “விரல்ல குத்திப் பாக்குற கருவி கெட்டிருக்கும். நான் பந்தயம் கட்றேன்.”

“அன்னைக்கே கையிலேருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பியிருக்கா கேலின். அங்கயும் அதே எண்தான்.”

“அப்ப மருந்துக்கடைக்காரன் மாத்திரைய மாத்திக் குடுத்துட்டான்.”

ஆர்வோ புட்டியைத் தட்டில் கவிழ்த்தார். எல்லாம் பீச் பழ நிறம், அஞ்சு மில்லிகிராம். எங்கு வாங்கினாலும் அந்த அளவுக்கு அந்த நிறம்தான். பிளாஸ்டிக் கத்தியால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார். புட்டி வாங்கிய நாள், தினமும் எவ்வளவு, நடுவே ஏற்றிய அளவு எல்லாம் கூட்டிக் கழித்தார்.

“எட்டரை மாத்திரை கூடுதலா இருக்கு.”

“கடையில கூடப் போட்டுட்டாங்க!”

“எந்தக் கடையிலடி அரை மாத்திரை போடுவான்?”

லோர்னாவுக்கு உறைத்தது. அரை மாத்திரை என்றால் வீட்டில் வைத்து உடைத்தது. வாரப் பெட்டியில் நாள்வாரியாகப் போட்டு வைத்ததை யாரோ திரும்பப் புட்டியில் கொட்டியிருக்கிறார்கள்.

“கேலின் முதல் தடவை ஏத்தின அளவுல திங்களும் வியாழனும்தான் ஒண்ணரை மாத்திரை,” என்றார் ஆர்வோ. “இதையும் பாரு.” குறிப்புகளை நீட்டினார். “சத்தமாப் படி.”

லோர்னா படித்தாள். “‘புளிக்க வச்ச முட்டைக்கோஸ் ஒரு பானை காலி பண்ணினதாச் சொன்னார்.’ ‘பேத்தி கல்யாணத்துல ரெண்டு நாள் மறந்துட்டாராம்.’ ‘பல் வலிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் குடுத்த மாத்திரை, பேர் தெரியாது.’ கடவுளே, இந்தக் கிழவன்! ‘விடுபடவில்லை, மாற்றமில்லை.’ ‘சவுனா நீராவிக் குளியலில் ஆறு பீர்.’ ‘விடுபடவில்லை, மாற்றமில்லை…’”

“பதினாலு தடவை வந்திருக்கார். பத்து தடவை ஏதாவது ஒரு கூத்து. நாலு தடவை சுத்தமான சாமியார். அந்த நாலு நாள்ல என்ன விசேஷம்?”

“முழு நிலாவா?”

ஆர்வோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் குளிர்பெட்டியைத் திறந்தார். “இந்த மான் சாசேஜ் யார் குடுத்தது?”

“வெண்டல்தான். போன ரெண்டு தடவை வந்தப்பவும் ஒவ்வொரு பொட்டலம் குடுத்தார். வேட்டையில சுட்டதுல பாதி எனக்குன்னு பீத்திக்கிட்டார்.”

“சரி. ரெண்டு மணிக்கு எல்லாரும் பிரான்ட்வோல்ட் ரூமுக்குப் போவோம்.”

லோர்னாவுக்கு அந்த மூன்று மணி நேரமும் முள்ளின் மேல் நின்ற மாதிரி இருந்தது.

பிரான்ட்வோல்ட் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே கேலின், கைகளைத் தொடைக்கடியில் செருகி வைத்துக்கொண்டு. ஆர்வோவோடு வந்த வெண்டலைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கியது. “இது உள் விவகாரம், ஆர்வோ.”

“மூக்கு அவரோடது, டாக்டர்,” என்றாள் லோர்னா.

ஆர்வோ நான்கு தாள்களை மேசையில் வரிசையாக வைத்தார். “கேலினை நோயாளியோட உக்கார வச்சு நீங்க மார்க் போட்ட தாள். நாலு. வெண்டல் ஒரு குத்தமும் இல்லைன்னு சொன்ன நாள் எதுன்னு பாத்தா, அதே நாலு தேதி. நீங்க ரூம்ல இல்லாத பத்து நாளும் அவர் உண்மையச் சொல்லியிருக்கார்.”

பிரான்ட்வோல்ட் தேதிகளைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“கடைசி ரெண்டும் செவ்வாய்க்கிழமை. மான் வேட்டை சீசன் நடந்துக்கிட்டிருந்த வாரங்கள். எட்டரை மாத்திரை மிச்சம். வாரத்துக்கு நாலு நாள், வெள்ளியிலேருந்து திங்கள் வரைக்கும், ரெண்டு வாரம் விட்டிருந்தாத்தான் அந்தக் கணக்கு வரும். முதல் வாரம் பழைய அளவு, நாலு. அடுத்த வாரம் ஏத்தின அளவு, திங்களோட அரையும் சேத்து நாலரை. எண் இறங்காம என்ன செய்யும்? விட்டதைச் சொல்லாததால கேலின் அளவை ஏத்தினா. சீசன் முடிஞ்சது, மனுஷன் ஏத்தின அளவ ஒழுங்கா முழுங்கினார். மூக்கு திறந்துக்கிச்சு. மறந்துட்டீங்களா வெண்டல்?”

“மறக்கலய்யா.” வெண்டல் தொப்பியைக் கழற்றினார். “வேணும்னேதான் விட்டேன். மானை அறுக்கறப்ப கத்தி வழுக்கும். ரோட்டுக்கு நாலு மைல் காட்டுக்குள்ள நடக்கணும். இந்த மாத்திரைய முழுங்கிட்டு அங்க ஒரு கீறல் வாங்கினா, மானுக்குப் பக்கத்துல நானும் கிடப்பேன். வருஷா வருஷம் விடறதுதான்.”

“அத அந்தப் பொண்ணுகிட்ட சொல்றதுக்கு என்னய்யா கேடு?” லோர்னாவின் குரல் கூடத்துக்கே கேட்டிருக்கும்.

“இவரு மூலையில பேனாவோட உக்காந்திருக்காரே! நான் மாத்திரைய விட்டேன்னு சொன்னா, பொண்ணு சரியாச் சொல்லிக்குடுக்கலைன்னு மார்க்கைக் குறைக்க மாட்டாரா? வருஷா வருஷம் ஜூலையில ஒரு புதுப் புள்ள வருது, நடுங்கிக்கிட்டு. நாங்கதான் தேத்திவிடறோம். நான் மட்டும் ஒம்பது பேரைப் பாஸ் பண்ணி வச்சிருக்கேன்.”

“நாங்கன்னா?” என்றார் பிரான்ட்வோல்ட் மெதுவாக.

“கூடத்துல உக்காந்திருக்கோமே, எல்லாருந்தான். நீங்க வர்ற நாள்னா முன்னாடியே பேசி வச்சுக்குவோம்.”

ஒன்பது வருடம். அத்தனை தாளிலும் அத்தனை முழு மதிப்பெண். லோர்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, எதையாவது எடுத்து வீசலாம் போலவும் இருந்தது. அந்தத் தாள்களைக் கோப்பில் போட்டு அடுக்கியதே அவள்தான்.

பிரான்ட்வோல்ட் கடைசி இரண்டு தாள்களை எடுத்தார். ‘நோயாளியிடம் காரணத்தை முழுமையாக விசாரித்தார்’ என்ற வரிக்கு எதிரே ஐந்துக்கு ஐந்து. கீழே அவருடைய கையெழுத்து. காது மடல் சிவந்தது. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்,” என்றார். “ஆனா இந்த ரெண்டு மதிப்பீடும் செல்லாது. திரும்ப நடத்தணும்.”

“இப்பவே நடத்தலாம்,” என்றாள் கேலின். காலையிலிருந்து முதல் முறையாக அவள் குரல் நடுங்கவில்லை. “ஆனா நீங்க வெளிய போகணும், டாக்டர்.”

“நான் பாக்காம எப்படி மதிப்பெண்…”

“போடாதீங்க.”

பிரான்ட்வோல்ட் ஆர்வோவைப் பார்த்தார். ஆர்வோ முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிரான்ட்வோல்ட் எழுந்து, தன் அறையை விட்டுத் தானே வெளியே போனார். ஆர்வோவும் நொண்டிக்கொண்டு பின்னால் போனார். கதவைச் சாத்தப் போன லோர்னாவின் கை கைப்பிடியிலேயே நின்றது.

வெண்டல் கிசுகிசுத்தார். “உனக்கு மார்க் போயிடுமே கண்ணு?”

“என் மார்க் போனா ஒரு வருஷம் போகும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க ஆளே இருக்க மாட்டீங்க.” கேலின் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். “சொல்லுங்க. வேற என்னென்ன பொய் சொல்லியிருக்கீங்க?”

வெண்டல் மூக்குப் பஞ்சை நிதானமாகச் சரிசெய்தார்.

“கறுப்புக் காபி ஒண்ணு சொல்லு. நேரமாகும்.”