குந்தாவிலிருந்து வருகிறவர்

இவளிடமும் உண்மையைச் சொன்னால் இந்தச் சாவியும் கைக்கு வராது. சொல்லாதே. சிரித்த முகமாக இரு.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க?" என்று மறுபடி கேட்டாள் ராமாத்தாள், இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை எடுக்காமலே.

"குந்தா பவர் ஹவுஸுல வேலைங்கக்கா. லீவு கெடைக்கறப்ப வருவாரு."

ஜோதிமணியின் வாய் அதைச் சொல்லி முடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற புரோக்கர் சில்வஸ்டர் தாடையைச் சொறிந்துகொண்டு மலையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். குன்னூரில் அவன் கூட்டிப்போன வீடுகளில் பாதி, சுற்றுலா வருகிறவர்களுக்கான காட்டேஜ் ஆகிவிட்டிருந்தன. மீதியில், தனியாக வரும் பொம்பளைக்கு இடமில்லை என்றார்கள். ஒரு வீட்டுக்காரரிடம் வீடு கேட்க இன்னொரு வீட்டுக்காரர் வேண்டியிருந்தது. அவளைக் கட்டியவன் திருப்பூரில் வேறொருத்தியோடு இருந்தான். அவள் தங்கியிருந்த ஹாஸ்டலை இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். ஆஸ்பத்திரி லேபில் வாங்கும் சம்பளத்துக்கு இதை விட்டால் வேறு இல்லை.

"அடிக்கடி வரச் சொல்லுங்க. ஆம்பளை நடமாட்டம் இல்லீன்னா ஊடு பூஞ்சை புடிச்சுப்போயிரும்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள் ராமாத்தாள். சாவி வந்தது.

மேலே ராமாத்தாள் குடியிருந்தாள். படியிறங்கிப் போனால் சரிவில் இந்த வீடு. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சுவரெல்லாம் ஈரமண் வாசம். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பொய்க்கும் சாமான் வேண்டும். மார்க்கெட்டில் ஆண்கள் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வாசலில் போட்டாள். கட்டம் போட்ட சட்டை ஒன்றை நனைத்துக் கொடியில் காயவிட்டாள்.

கொஞ்ச நாள் நிம்மதியாகப் போயிற்று. பிறகு ஒரு மாலை, வேலை முடிந்து வந்தபோது செருப்பில் புதுச் சேறு அப்பியிருந்தது.

முதலில் எழுந்தது பயமில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்கிற சின்ன சந்தோஷம். அதற்காகத் தன்னை வெறுத்தபடி கொடியில் கிடந்த சட்டையைத் தொட்டாள்.

காலரில் வியர்வை வாசம்.

"மத்தியானம் உங்க ஊட்டுக்காரரு வந்திருந்தாராட்ட இருக்குது?" ராமாத்தாள் மேல்படியில் நின்று கேட்டாள். "கூப்புட்டாத் திரும்பக்கூட மாட்டேங்கறாரு. அத்தனை கெத்துங்களா?"

"கூச்ச சுபாவங்கக்கா."

பதில் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இருட்டுவதற்குள் செருப்பைக் கொண்டுபோய்த் தேயிலைக்காட்டுப் பள்ளத்தில் வீசினாள்.

காலையில் அது வாசலில் கிடந்தது. வீட்டுக்குள் நுழையப் பார்த்தபடி.

ஞாயிறு மத்தியானம் பனி இறங்கி, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சமையலறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் அசையவில்லை.

ஈரக் கம்பளி வாசம் அறைக்குள் வந்தது.

முதுகுக்குப் பின்னால் மெத்தை தாழ்ந்தது.

மெதுவாக. வேலைக் களைப்போடு வந்தவர் உட்காருவதுபோல.

கதவு தட்டப்பட்டது. அவள் கால்மாட்டு வழியாக இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய்த் திறந்தாள். ராமாத்தாள் சால்வையை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

"அம்மிணி, எங்க கொழுந்தனாரு ஆறுக்குட்டி குந்தாவுலதான் வேலை. விசாரிச்சுட்டேன். அப்படி யாருமே இல்லையாமா." குரல் கிசுகிசுப்பாகியது. "இப்பத்தான் படியில என்னையத் தாண்டிக் கீழ எறங்கினாரு. சட்டை இருக்குது, செருப்பு இருக்குது. மூஞ்சி இல்லை கண்ணு."

ஜோதிமணிக்குப் புரிந்தது. அவருக்கு வேலை கொடுத்தாள், ஊர் கொடுத்தாள், சுபாவம்கூடக் கொடுத்தாள். முகத்தை மட்டும் நினைத்துப் பார்க்கத் துணியவில்லை. எப்படி நினைத்தாலும் அது திருப்பூர்க்காரனின் முகமாகவே வந்து முடிந்தது.

"அப்படி ஒரு ஆளே இல்லை, பொய்யின்னு ஒருக்கா வாய்விட்டுச் சொல்லீரு. அது போயிரும்."

"சொல்லிட்டா நான் இங்க இருக்கலாங்களா?"

ராமாத்தாள் படியைப் பார்த்தாள். "தனிப் பொம்பளைக்கு எப்படி அம்மிணி... எங்க சனம் ஒத்துக்காது. வேற எடம் பாத்துக்கலாம்."

வேற எடம். எத்தனை வாசல்களில் இதைச் சிரித்த முகமாகக் கேட்டாயிற்று. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசிச் சிரிப்பதையும் நின்று கேட்டாயிற்று.

உள்ளே கட்டில் முனகியது. யாரோ புரண்டு படுத்தார்கள்.

இரண்டு பேருக்கும் கேட்டது.

"சொல்லு கண்ணு" என்று கெஞ்சினாள் ராமாத்தாள்.

ஜோதிமணி வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்துச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா" என்றாள். "அவரு தூங்கறாரு."