நாற்பத்தொன்றாம் லைன்

நாற்பத்தொன்றாம் லைனில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அது எதிரி ராணுவத்தின் கம்ப்யூட்டர் ஒன்றை ஒட்டுக்கேட்கும் லைன். ஒரு வருடமாக அதில் வந்ததெல்லாம் மெஷினின் இரைச்சல்தான். ஒட்டுக்கேட்கும் பையனை அந்தப் பிரிவில் எல்லோரும் 'காது' என்றே கூப்பிடுவார்கள். ஊசி விழுந்தால் எந்த ஊசி என்றுகூடச் சொல்லிவிடுவான் என்று கேலி. அன்று பிற்பகல் அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"மேடம், நம்ம நாட்டு வீடு மாதிரி இருக்கு. ஒரு குழந்தை பேசுது. நான் இதுக்கு மேல கேக்கக் கூடாது. நீங்கதான் பாத்து அழிக்கணும்."

அவள் அந்தப் பிரிவின் சட்ட அதிகாரி. எல்லோருக்கும் வக்கீலம்மா. சொந்த நாட்டு மக்களின் பேச்சு தவறி வலையில் விழுந்தால் உடனே நிறுத்த வேண்டும், அழிக்க வேண்டும், கேட்டதை வெளியே மூச்சுவிடக் கூடாது; மீறினால் ஏழு வருடம் ஜெயில். அந்தச் சட்டத்தின் வரிகளை எழுதிய மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

"நம்ம வீடு எப்படி அவங்க லைன்ல வருது?"

"நாம அவங்க மெஷினுக்குள்ள உக்காந்து கேக்கறோம். அவங்க யார் வீட்டுக்குள்ளயோ உக்காந்திருக்காங்க."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஜன்னல் இல்லாத அந்தக் கூடத்தின் ஏசி முனகலும், சூடேறிய வயர்களின் வாடையும், பக்கத்து மேசைக்காரர் ஆறவிட்ட காப்பியின் கசந்த மணமும் மெல்ல விலகிப்போக, காதுக்குள் ஒரு சமையலறை விரிந்தது: இரண்டு சொட்டு அடுத்தடுத்து, பிறகு ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி இரண்டு சொட்டு. 'நாளைக்குக் கண்டிப்பா சரி பண்றேன்' என்று அவள் கணவன் ஆறு வாரமாகச் சொல்லிவரும் குழாய்.

"ஏழெட்டு ஐம்பத்து நாலு," என்றது குழந்தை.

அவளுடைய குழந்தை. ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்து அப்பா வரும்வரை ஒன்றரை மணி நேரம் தனியாக இருப்பவள்.

"ஐம்பத்தாறு, பட்டுக்குட்டி," என்றது ஒரு பெண் குரல். "காலைலதான சொல்லிக் கொடுத்தேன்?"

அது அவளுடைய குரல்.

குரல் மட்டுமல்ல. 'பட்டு' என்ற இடத்தில் லேசாக இறங்கி 'குட்டி'யில் ஏறும் அந்தக் கொஞ்சலை வீட்டுக்கு வெளியே அவள் யார் முன்னாலும் காட்டியதில்லை. திரையின் மூலையில் கடிகாரம் ஓடியது: தாமதம், பதினொரு நிமிடம். உள்நாட்டுப் பேச்சை வடிகட்டச் சட்டம் கேட்ட அவகாசம் அது. அவள் கேட்பதெல்லாம் பதினொரு நிமிடத்துக்கு முன்பே நடந்து முடிந்தது.

பிரிவின் தலைவரான மேஜரின் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"ஒரே ஒரு ஃபோன், சார். வீட்டுக்கு. போலீஸை அனுப்பச் சொல்லணும்."

அவள் சொன்னது முழுவதையும் அவர் பொறுமையாகக் கேட்டார். "உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் வெளிய சொல்லலாம். அதுக்கும் நீதிபதி கையெழுத்து வேணும். நீங்க எழுதினதுதான், வக்கீலம்மா."

"ஆபத்துதான் சார்!"

"உங்க குரல் உங்க பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்குது. இதுல ஆபத்துன்னு நீதிபதிகிட்ட எதைக் காட்டறது?" பேனாவை மூடி வைத்தார். "அதைவிட இன்னொண்ணு. எதிரியோட லைன்ல உங்க குரல் இருக்கு. அதை நான் எப்படி எடுத்துக்கணும்?"

அவர் மேலதிகாரியிடம் பேசச் சிவப்பு ஃபோனை எடுத்தார். அவள் திரும்பி ஓடி ஹெட்போனை எடுத்தாள்.

"…திரையெல்லாம் இழுத்து விட்டியா?"

"விட்டுட்டேன்மா."

"ஃபோன் அடிச்சா எடுக்காத. அப்பாவா இருந்தாலும்."

"ஏம்மா?"

"சொன்னா கேக்கணும். கதவுல சங்கிலி போட்டியா?"

நாற்காலி இழுபடும் சத்தம். சங்கிலி உரசும் சத்தம். சொட்டு. சொட்டு.

"சமத்து. இப்ப கவனமாக் கேளு. கொஞ்ச நேரத்துல ஒருத்தி வந்து கதவைத் தட்டுவா. என்னை மாதிரியே பேசுவா. அழுவா. கெஞ்சுவா. அவ அம்மா இல்ல."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"நான் பக்கத்துலயே இருக்கேன்ல?"

காது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான். "மேடம், என்ன கேட்டுது?"

சொன்னால் குற்றம். "என் பொண்ணு," என்றாள். அவன் தன் அடையாள அட்டையை உருவி அவள் கையில் திணித்தான். "பின் கேட்ல இதைக் காட்டுங்க. உங்க அட்டையை மேஜர் இந்நேரம் நிறுத்தியிருப்பார்."

வாசலில் லாக்கரிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள். வீட்டு எண் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கணவன் எண்ணும் அப்படியே. போலீஸ் எண்ணை அழுத்தி, "என் குழந்தை வீட்ல தனியா இருக்கா, கூட யாரோ இருக்காங்க," என்று முகவரியைச் சொன்னாள். ஏழு வருடம். போகட்டும். கார் சிக்னல்களைத் தாண்டியது, யாரோ திட்டினார்கள், வெயில் கண்ணாடியில் தெறித்தது, ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. அந்தக் கொஞ்சலை எங்கிருந்து எடுத்தார்கள்? அந்தச் செல்லத்தை? வெறும் குரல்தான். ஸ்பீக்கரில் வரும் குரல். குரல் தொடாது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மூன்று மாடிப் படிகளை ஏறினாள்.

போலீஸ் இன்னும் வரவில்லை. சாவி திரும்பியது. கதவு நான்கு விரல் அகலம் திறந்து சங்கிலியில் நின்றது.

"பட்டுக்குட்டி. அம்மாடா. சங்கிலியை எடு."

உள்ளே இருட்டு.

"தங்கமே, அந்தக் குரலைக் கேக்காத. அது வெறும் மெஷின். ஓடி வாடா."

அழுதாள். கெஞ்சினாள். தோளால் இடித்தாள். சங்கிலி அசையவில்லை.

கண் இருட்டுக்குப் பழகியது. கூடத்தின் கடைசியில், சமையலறை வாசலில், மகள் நின்றிருந்தாள். ஸ்கூல் யூனிஃபார்ம். ஈரமான கன்னம். சுவர் மறைப்பிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. முழங்கை வரைதான் தெரிந்தது. அது மெதுவாக, மிக மெதுவாக, குழந்தையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தது.

மகள் கதவைப் பார்த்தாள். பிறகு, சுவருக்குப் பின்னால் நின்றிருந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சொன்ன மாதிரியேதாம்மா," என்றாள். "அச்சு அசலா உன்னை மாதிரியே இருக்கா."