மூன்றால் வகுபடாது

காலை ஏழு மணி. குக்கரை இறக்கும்போது ஜோஸ்பினின் போன் அலறியது.

"இன்ஸ்பெக்டர் மகேஸ்வரி பேசுறேன்மா. உங்க வீட்டுக்காரரோட பைக் சிறுமலை ரோட்டு வளைவுல நிக்குது. பக்கத்துல செருப்பு... ஆளைக் காணோம். கீழ கிடுகிடு பள்ளம்."

ஜெரோம், திண்டுக்கல்லில் கணிதப் பேராசிரியன். நூற்றெண்பது இலக்கம் கொண்ட ஓர் எண்ணை இரண்டே பகா எண்களின் பெருக்கலாக உடைத்துக் காட்டியவன். போன மாதம்தான் பாராட்டு விழா.

ஸ்டேஷனில் மகேஸ்வரி ஒரு கடிதத்தை நீட்டினாள். பைக்கில் இருந்ததாம். டைப் செய்தது.

'மூன்றாலேயே வகுபடும் எண்ணுக்காக வாழ்க்கையை வீணாக்கினேன். போகிறேன்.'

கீழே அந்த எண், முழுசாக.

ஜோஸ்பின் அழவில்லை. பேனாவை வாங்கினாள். இலக்கங்களைக் கூட்டினாள். இரண்டு தடவை.

"எண்ணூத்திப் பதினொண்ணு வருது மேடம். இந்தக் கூட்டுத்தொகை மூணால வகுபட்டாத்தான் எண்ணும் வகுபடும். இது வகுபடாது. எங்க வீட்டுக்காரரு இப்பிடி எழுதவே மாட்டாரு."

"அப்ப... கொலை."

கல்லூரியில் தேடியபோது, அந்தக் கடிதம் மோகன்குமாரின் கம்ப்யூட்டரில் கிடைத்தது. ஜெரோமின் இருபது வருட நண்பன். கல்லூரியில் இருவருக்கும் ஒரே அறை.

மதியத்துக்குள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான்.

"அந்த எண்ணை உடைச்சது நான் மேடம். மூணு வருச உழைப்பு. என் நோட்டைப் பாத்து ஜெரோம் அவன் பேர்ல போட்டுட்டான். திங்கக்கிழமை புகார் குடுக்கப் போறேன்னு அவன்கிட்டயே சொன்னேன். எதுக்குக் கொல்லணும்?"

"செத்த மனுசனைத் திருடன்னு சொல்றியா?" ஜோஸ்பின் சீறினாள்.

மகேஸ்வரி கடிதத்தையே பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா. இவரும் கணக்குல டாக்டர் பட்டம் வாங்குனவரு. ஸ்கூல் பிள்ளை கண்டுபிடிக்கிற தப்பை இவரு எப்பிடிப் பண்ணுவாரு?"

கடிதத்தை ஜோஸ்பின் பக்கம் தள்ளினாள்.

"இது தெரியாம வந்த தப்பில்ல. நீங்க கண்டுபிடிக்கணும், பழி இவரு மேல விழணும்னே யாரோ வச்சது. உங்களுக்கு இந்தக் கூட்டல் வித்தையச் சொல்லிக் குடுத்தது யாரு?"

ஜோஸ்பினுக்கு ஜெரோம் நினைவுக்கு வந்தான்.

கல்யாணமான புதிதில், டவுன் பஸ் நம்பர்களைக் காட்டி, கூட்டச் சொல்லிச் சிரித்தவன்...

வாயைத் திறக்காவிட்டால் போதும். புருஷன் மாட்டாமல் எங்கோ உயிரோடு இருப்பான்.

எதிரே, செய்யாத கொலைக்காக மோகன்குமார் உட்கார்ந்திருந்தான்.

"சிறுமலையில எங்க வீட்டுக்காரரு சித்தப்பாவோட வாழைத்தோட்டம் இருக்கு மேடம். அங்க ஒரு வீடு பூட்டிக் கிடக்கு. சாவி அவருகிட்டதான்."

ஜீப் மலையேறியது.

ஜெரோம் அங்கேதான் இருந்தான். மீசையை மழித்திருந்தான். மனைவியைப் பார்த்ததும் வெளிறினான்.

"நீ கூட்டிப் பாப்பேன்னு தெரியும் ஜோஸ். உன்னைய நம்பித்தான்..."

"என்னைய நம்பி இல்ல. என்னைய வச்சு."

அவள் ஜீப்பை நோக்கி நடந்தாள். திரும்பவில்லை.

"மேடம்... விலங்கு வேணாமே. எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

மகேஸ்வரி பூட்டினாள்.

"உள்ள போனா நம்பரும் ஒண்ணு குடுப்பாங்க சார். அது ஒண்ணாவது உங்க சொந்த நம்பரா இருக்கட்டும்."