நான்கு முறை கயிறு இழுத்தால்

1860-ஆம் ஆண்டு வியன்னாவில், இறந்த உடல்களை அறுத்து ஆராய்ந்துவந்த மருத்துவர் ஒருவர், கருப்பையின் உட்புறத் திசு கருப்பைக்கு வெளியிலும் வளர்ந்திருந்ததைக் கண்டு எழுதினார்.

சென்ற ஆண்டு நவம்பரில், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுக வாசலில் ஒரு ஸ்கூட்டி குறுக்காக நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த லோடு ஆட்டோ ஹாரன் அடித்துப் பார்த்தது. ஸ்கூட்டி நகரவில்லை.

"ஏம்மா... போன் பாக்க வேற இடம் கிடைக்கலையா?" ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினான் கிளைட்டன்.

"போன் பாக்கல."

"பொறவு? கடல் அழகா இருக்குன்னு நின்னுட்டியளா?"

அனிஷா திரும்பினாள். ஈரம் ஒட்டிய இமைகள்... அதற்குக் கீழே, அழக்கூடாது என்று பிடிவாதமாக நின்ற இரண்டு கண்கள். கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. அவன் இறங்கிப்போய் ஸ்கூட்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினான். காற்று சிலிண்டர்களை மூடியிருந்த தார்ப்பாயை எடுத்து அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"வேண்டாம். பழகுன வலிதான்."

"வலி பழகுமா?" என்றான் அவன். "நான் கப்பலுக்கு அடியில முங்கி வேலை பாக்கிறவன். கீழ ஏதாவது ஆச்சுன்னா நாலு தடவை கயித்த இழுப்பேன். மேல நிக்கிறவன் தூக்கிருவான். நீங்க யார்ட்ட இழுக்கிய?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. சிரித்துவிட்டாள். அந்த வலியோடு எப்படிச் சிரிப்பு வந்தது என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே போனாள்.

அவள் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தாள். அந்த வாரமே, அவளுடைய அலுவலகம் கவனித்துக்கொண்ட கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்க அவன்தான் வந்தான். அப்புறம் வேலை இல்லாத நாளிலும் வந்தான்.

"இன்னைக்கு எந்தக் கப்பல்?"

"கப்பல் ஒண்ணும் இல்ல. இங்கன டீ நல்லாருக்கும்னாங்க."

"யாரு சொன்னா?"

"நாந்தான்."

டிசம்பரில் அவன் வீட்டார் முறையாகப் பெண் கேட்டு வந்தார்கள். அனிஷாவின் தாய் பிளாரன்ஸுக்கு மகிழ்ச்சி. வந்தவர்கள் போனதும் மகளை அடுக்களைக்குக் கூட்டிப்போனாள்.

"அந்த வயித்துவலிக் கதைய அங்கன போயி சொல்லாதளா. ஒரு புள்ள பெத்தா எல்லாம் சரியாப் போயிரும்."

பள்ளிக்கூட நாளில் தொடங்கிய வலி அது. மாதவிலக்கு என்றால் வலிக்கத்தான் செய்யும் என்றார்கள். சூடு என்றார்கள். வேலைக்குப் போகப் பயம் என்றும் ஒருவர் சொன்னார். இருபத்தாறு வயதில், திருநெல்வேலியில் ஒரு பெண் மருத்துவர் வயிற்றுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தபிறகுதான் அதற்குப் பெயர் கிடைத்தது... எண்டோமெட்ரியோசிஸ். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்திருந்தாள். மாதவிலக்கு இரத்தம் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் படிகிறது என்று 1920-களில் நியூயார்க் மாநிலத்து மருத்துவர் ஒருவர் விளக்கினார். அந்த விளக்கம் இன்றும் முழுதாகப் போதவில்லை. 1940-களில் பாஸ்டனில் ஒரு பேராசிரியர், பெண்கள் தாமதமாக மணப்பதால் வருகிறது, சீக்கிரம் கல்யாணம் செய்து பிள்ளை பெறட்டும் என்று எழுதினார். அவரை அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அம்மா சொன்னது அவர் சொன்னதுதான். மருத்துவம் அதைக் கைவிட்டது... அடுக்களைகள் இன்னும் விடவில்லை.

"சொல்லாமக் கட்டிக்கிடமாட்டேன்" என்றாள் அனிஷா.

"ஓலை வாசிக்கட்டும். பொறவு பேசிக்கிடலாம்" என்றான் அண்ணன் டிக்சன். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் மணமக்கள் பெயரைச் சொல்லி அறிவிப்பதுதான் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். "உன்ன வேண்டாம்னுட்டான்னா ஊருக்கே தெரிஞ்சிரும், பாத்துக்க."

அனிஷா சொல்வதைத் தள்ளிப்போட்டாள். அவன் வேண்டாம் என்றுவிட்டால்... ஊரைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அந்த டீ நின்றுபோகும் என்பதை நினைக்கத்தான் முடியவில்லை.

கிளைட்டன் குடும்பத்தில் முத்துக்குளித்த காலத்து வழக்கம் ஒன்று மிச்சம் இருந்தது. நிச்சயம் ஆனதும் கடலில் முங்குகிறவனின் கயிற்றைப் பெண்ணுடைய அண்ணன் தம்பி ஒருநாள் பிடிக்கவேண்டும். தங்கை வாழ்வு அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கை தளராது என்று நம்பினார்கள். நிச்சயம் முடிந்த வாரம் டிக்சனைச் சங்கு எடுக்கிற படகில் கூட்டிப்போனார்கள்.

மதியம் திரும்பியவன் சாப்பிட உட்காரவில்லை.

"நீயே போயி அவன்ட்ட சொல்லிரு."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. 'மச்சான் நீங்க பிடிச்சா நான் பாக்கவேண்டியதில்ல'ன்னு சொல்லிட்டு முங்கிட்டான். திரும்பிக்கூடப் பாக்கல... ஏளா, இத மறைச்சுக்கிட்டு அந்தக் கயித்த என்னால பிடிக்க முடியாது."

மாலை, துறைமுகச் சுவர் ஓரம், அதே தூறல். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"புள்ள பெறக்கலாம்... பெறக்காமலும் போலாம். கல்யாணம் இதுக்கு மருந்து இல்ல. ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வரலாம்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "டிக்சனுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா என் கயித்தப் பிடிச்சான்?"

"தெரியும். அவன்தான் என்ன இப்ப அனுப்புனான்."

அவன் இரண்டடி தள்ளிப் போனான். போய்விடுவான் என்றே நினைத்தாள்.

"கோவமாத்தான் இருக்கு" என்றான். "நிச்சயத்துக்கு முந்தி சொல்லிருக்கணும்."

"சொல்லிருக்கணும். நீங்க போயிருவியளோன்னு பயம்."

"எங்க போவேன்? டீ குடிக்க இங்கனதான வரணும்?" பிறகு மெதுவாகச் சொன்னான். "அன்னைக்கு உங்க கண்ணப் பாத்தப்பவே என் மனசு உங்ககிட்டயே நின்னுபோச்சு, அனிஷா. எங்க அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஆனா இனி வலிச்சா மறைக்கக்கூடாது."

அவள் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தாள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு.

"என்ன, இப்ப வலிக்கா?"

"இல்ல. தூக்க ஆள் இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கேன்" என்றான்.

அவனுடைய தாய் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சரி என்றாள். அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்கப்பட்டது. யாரும் தடை சொல்லவில்லை. ஜனவரி கடைசியில் திருமணம் நடந்தது. மார்ச்சில் அனிஷாவுக்குத் திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். வலி குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை.