என் வாய்தானுங்க

காலை ஏழு மணி ஆனால் ஈரோட்டில் வீட்டுக்கு வீடு பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். வாத்தியார் கைபேசிக்குள் இருந்தார். அரசாங்கம் அவருக்கு வைத்த பெயர் நலப்போதினி. அந்தப் பெயரை அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சனங்களுக்கு அவர் கைவாத்தியார்.

சமையல் மேடையில் வெள்ளை நிறத்தில் மருந்துப்பேழை ஒன்று இருக்கும். கைவாத்தியார் காலையிலும் மாலையிலும் சின்னதாக ஒரு பாடம் நடத்திக் கேள்வி கேட்பார். பதில் சரியாக இருந்தால்தான் பேழை திறந்து அந்த வேளைக்கான மாத்திரைகளைத் தரும். பாடம் படிக்காதவனுக்கு மருந்து கிடையாது என்பது சட்டம்.

லோகித் தலையை வாரிக்கொண்டு பேழைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் நிற்கும் பணிமனையில் அவன் மேற்பார்வையாளன். அங்கே அவன் இருமினால் கூட வேலையாட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கேயோ கையைக் கட்டாத குறைதான்.

"கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழ வச்சுப் பாத்தீங்களா? புண்ணு கிண்ணு இருக்குதுங்களா?" என்றார் கைவாத்தியார்.

"பாத்தனுங்க. ஒண்ணுமில்லீங்க."

"தலை சுத்தி வேர்த்துச்சுன்னா மொதல்ல என்ன பண்ணோணும்?"

"ஒரு வாய் சக்கரைத் தண்ணி குடிக்கோணுமுங்க."

"சபாசுங்க. கடைசிக் கேள்வி. உங்களுக்குச் சக்கரை எதுனால வந்துச்சு?"

லோகித் தலை குனிந்தான். "என் வாய்தானுங்க."

பேழை திறந்தது. தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த அவன் மனைவி இதழினி அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், மூட்டு வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடும் ரித்திகா டீச்சரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் வாய்தானுங்க."

அந்தச் சொற்கள் இதழினி எழுதியவை. நலப்பாட நிலையத்தில் அவள் வட்டார மொழியாளர். தலைநகரிலிருந்து வரும் பாடங்களைக் கொங்குப் பேச்சாக மாற்றித் தருவது அவள் வேலை. 'எனது உணவுப் பழக்கமே காரணம்' என்று வந்ததை 'என் வாய்தானுங்க' என்று மாற்றியதற்கு அலுவலகத்தில் கைதட்டினார்கள். அப்போது லோகித்துக்குச் சிறுநீரகம் கெடவில்லை. அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

லோகித்தின் சர்க்கரைக்கும் அவன் வாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் இதழினியின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். வந்த உறுப்பை அந்நியம் என்று உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் காவல் மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை, ரித்திகா டீச்சரின் மூட்டு மாத்திரையைப் போலவே, சிலருக்குச் சர்க்கரையைக் கொண்டுவரும். லோகித்துக்குக் கொண்டுவந்தது. அவ்வளவுதான் விஷயம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முன்பெல்லாம் கைவாத்தியார் இந்த உண்மையைச் சொல்லத்தான் செய்தார். கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? சர்க்கரை தருகிற மாத்திரை எனக்கு எதற்கு என்று பாதியாக ஒடித்துப் போட்டார்கள், சிலர் அடியோடு நிறுத்தினார்கள். அடுத்தவர் கொடுத்த ஈரலும் சிறுநீரகமும் வரிசையாகக் கெட்டன. அதன் பிறகு வந்ததுதான் காரணம் கூறாமை விதி. தன்னையே குற்றவாளியாக நினைக்கிற நோயாளி ஒரு வேளை கூடத் தவறவிடுவதில்லை என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருந்தார்கள். டாக்டரும் வாய் திறக்கக்கூடாது, நிலையத்து ஊழியரும் திறக்கக்கூடாது. விதி பலித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உறுப்புகள் பிழைத்தன.

லோகித்துக்கு விதி மட்டும் போதவில்லை, தன் வாய்தான் குற்றவாளி என்பதற்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில், அக்கா வீட்டில் தேங்காய்ப் பூரணம் வைத்த இனிப்பு ஒப்புட்டு ஒன்றை நெய்யில் தோய்த்துச் சாப்பிட்டான். அடுத்த வாரம் தோளில் ஒட்டியிருந்த, சர்க்கரை அளக்கும் தோல்வில்லை சிவந்து சர்க்கரை என்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அன்று முதல் அவன் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. பந்தியைக் கண்டால் ஒதுங்கிவிடுவான். நண்பர்கள் டீ குடிக்கக் கூப்பிட்டால் கூட வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா சுப்ரஜா பேசினாள். அடுத்த வாரம் அவள் மகளுக்குக் கல்யாணம். அவர்கள் குடும்பத்தில் தாய்மாமன் உட்கார்ந்து ஒரு வாய் இனிப்பு எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை போடுவார்கள்.

"சீர் எல்லாம் அனுப்பிப் போடறனக்கா. நான் வல்லீங்க."

"மாமன் வராம எப்படித் தம்பி பந்தி நடக்கும்? புள்ள அழுகுது."

"எனக்குப் பதிலா யாரையாச்சும் உக்கார வைங்க. என்னை விட்டுருங்க."

பேசிமுடித்துவிட்டு அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இதழினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒரு நாள் ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்க. பாடத்துலயே அளவு சொல்லியிருக்குதே."

"அன்னைக்கும் ஒரு வாய்தான் புள்ள. நீ வயித்தைக் கிழிச்சு எடுத்துக் குடுத்தே. அதை வாங்கி வச்சுட்டு ஒரு ஒப்புட்டுக்கு நாக்கைக் கட்ட முடியல எனக்கு. உன்ற மொகத்தைப் பாத்துச் சோறு திங்கவே கூசுது. இதுல பந்தி நடுவுல போயி உக்காரச் சொல்றே."

இதழினி அவனையே பார்த்தாள். இரண்டு வருடமாக அவன் தன்னுடன் ஒரே தட்டில் கை வைக்காதது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனைக்கும் அந்தப் பழிச்சொல்லை அவன் வாயில் போட்டவள் அவளேதான். சொன்னால் வேலை போகும், அது போகட்டும். மாத்திரையை விட்டுவிட்டால் அவனும் போய்விடுவானே என்றுதான் பயந்தாள். ஆனாலும் சொன்னாள்.

"ஒப்புட்டு இல்லீங்க. உங்க வாயும் இல்லீங்க. அந்தக் காவல் மாத்திரையாலதான் உங்களுக்குச் சக்கரை வந்துச்சு."

பாதி புரிந்தும் புரியாமலும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். விதியைச் சொன்னாள், அது ஏன் வந்தது என்றும் சொன்னாள், 'என் வாய்தானுங்க' யார் எழுதியது என்றும் சொன்னாள். கடைசியில் அவன் சிரித்தான். பிறகு கோபம் வந்தது.

"ரெண்டு வருசமா, தெனமும் ரெண்டு வேளை, பக்கத்துலயே நின்னு கேட்டுட்டிருந்தியே புள்ள!"

"ஆமாங்க."

"அப்ப அந்த மாத்திரையை விட்டா சக்கரை போயிருமா?"

அவள் இத்தனை நாள் பயந்த கேள்வி அதுதான். "போனாலும் போகும். கூடவே நான் குடுத்ததும் போயிரும்."

லோகித் எழுந்து வெளியே போய்விட்டான். இதழினி போகவிட்டாள். அவன் செருப்புப் போட்ட அவசரமும் கதவைச் சாத்தாமல் போனதும் அவளுக்கு நல்லதாகப் படவில்லை. பொழுது சாய்ந்தது. துவைத்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு, வாசலையும் மருந்துப்பேழையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை வேளை தவறினால் என்ன ஆகும் என்பதையும் அவளே பாடமாக எழுதியிருந்தாள்.

ஏழு அடிக்கும் நேரத்தில் அவன் வந்தான். கை கழுவிக்கொண்டு பேழைக்கு முன்னால் உட்கார்ந்தான். இதழினி மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

கைவாத்தியார் நடையைப் பற்றிக் கேட்டார், தண்ணீரைப் பற்றிக் கேட்டார். லோகித் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான்.

"கடைசிக் கேள்விங்க. உங்களுக்குச் சக்கரை எதுனால வந்துச்சு?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "காவல் மாத்திரையால."

பேழை திறக்கவில்லை.

"பரவால்லீங்க," என்றார் கைவாத்தியார், இதழினி பார்த்துப் பார்த்து எழுதிய அன்போடு. "அவசரமில்லாம யோசிச்சுச் சொல்லுங்க. சக்கரை எதுனால வந்துச்சு?"

"மாத்திரையாலதான்யா! எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அதைக் கேக்கறேன். குடு!"

"பரவால்லீங்க. அவசரமில்லாம யோசிச்சுச் சொல்லுங்க."

லோகித் பேழையை நகத்தால் நெம்பிப் பார்த்தான். அது அப்படியெல்லாம் திறக்கிற சாதி இல்லை. அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். உண்மை தெரிந்தால் மாத்திரையை விட்டுவிடுவான் என்று ஒரு அரசாங்கமே பயந்த மனுசன், மாத்திரைக்காகக் கையேந்தி உட்கார்ந்திருந்தான். இதழினிக்கு அழுகை வந்தது. தன் வலது இடுப்புத் தழும்பின் மேல் கை வைத்துக்கொண்டு, தலையை மட்டும் அசைத்தாள். சொல்லிவிடுங்கள் என்று.

"என் வாய்தானுங்க," என்றான் லோகித்.

பேழை திறந்தது.

"சபாசுங்க! நெசத்தை ஒத்துக்கறவங்களுக்குத்தான் ஒடம்பு தேறும்."

அவன் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விழுங்கினான். தண்ணீர் டம்ளரை வைத்த கையோடு அக்காவைக் கூப்பிட்டு, முதல் இலையைத் தனக்கே போடச் சொன்னான். ஒப்புட்டு சின்னதாக இருக்கட்டும் என்றும் சொன்னான்.

"நாளைக்குக் காலையிலயும் கேக்குமா?" என்றான் இதழினியிடம்.

"கேக்குமுங்க. எப்பவும் கேக்கும்."

"கேக்கட்டும். எனக்கு அது இனி வெறும் சாவி."

தட்டில் சோற்றைப் போட்டு அவளையும் உட்காரச் சொன்னான். ஒரே தட்டு. இரண்டு வாய் கூட உண்டிருக்க மாட்டார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் ரித்திகா டீச்சரின் பாடம் கடைசிக் கேள்விக்கு வந்தது. அவள் உடனே பதில் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என் வாய்தானுங்க," என்றாள் டீச்சர். யாரும் கேட்காமலேயே இன்னொரு முறையும் சொன்னாள். "என் வாய்தானுங்க."

லோகித்தின் கை தட்டிலேயே நின்றது.

"அந்தம்மாகிட்டச் சொல்லிரலாமா?"

"சொல்லலாமுங்க. கேட்டுட்டு மாத்திரையை விட்டுட்டாங்கன்னா?"

சுவருக்கு அந்தப் பக்கம் பேழை திறந்தது. கைவாத்தியார் இதழினியின் தமிழில் டீச்சரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.